முட்டை அளவு வயிறு... மூட்டை அளவு ஆசை!

நம்ம ஊர் ஆபீஸ்களில் சம்பளம் லேட்டாக வரலாம். ஸ்வீட் பாக்ஸ் மட்டும் லேட்டாக வராது. ஒருத்தருக்கு இன்க்ரிமென்ட், இன்னொருத்தருக்குப் பெண் குழந்தை, மூன்றாமவர் புது பைக் வாங்கினார், நாலாமவர் வீட்டில் கிரகப்பிரவேசம், ஐந்தாமவர் வேலையை விட்டே போகிறார்... எல்லாவற்றுக்கும் ஓர் அட்டைப்பெட்டி, மேலே ரப்பர் பேண்ட், உள்ளே பட்டர் பேப்பர், அதற்கும் உள்ளே நெய் மினுங்கும் சதுரங்கள். எங்கள் ஆபீஸில் ஒரு மாசம் கணக்கெடுத்துப் பார்த்தேன். பதினோரு பெட்டி! வேலை பார்க்கிறவர்களே நாற்பது பேர்தான்.

அந்தப் பெட்டி என் சீட்டுக்கு வரும்போது மட்டும், கொண்டு வருகிறவர் முகத்தில் ஒரு தர்மசங்கடம். நீட்டினால் பாவம், நீட்டாமல் தாண்டிப் போனால் அவமரியாதை. கடைசியில் பாதி நீட்டி, பாதி இழுத்துக்கொண்டு, "சார்... நீங்க... இதெல்லாம் சாப்பிடலாமா?" என்பார்கள்.

காரணம், என் வயிறு ஆபரேஷன் செய்த வயிறு. உடம்பு இளைக்கச் செய்துகொண்டது. இரண்டரை வருஷம் ஆகிறது. 126 கிலோவாக ஸ்ட்ரெச்சரில் ஏறினவன், இப்போது 84 கிலோவாக நடமாடுகிறேன். (அந்த ஸ்ட்ரெச்சரைத் தள்ளிய இரண்டு பேரையும் இன்னும் நன்றியோடு நினைத்துக்கொள்கிறேன்.) "வலிச்சுதா? எவ்வளவு செலவு?" என்று கேட்டவர்களைவிட, "அப்போ இனிமே ஸ்வீட்டே கிடையாதா?" என்று கேட்டவர்கள்தான் ஜாஸ்தி. கேட்கும்போது, எனக்கு ஏதோ ஆயுள்தண்டனை விதித்துவிட்ட மாதிரி குரலில் ஒரு பரிதாபம் வேறு!

கிடையாது என்று யார் சொன்னது? உண்டு. ஆனால், அது ஒரு தனிக் கதை.

அப்போது எனக்கு வயசு 34. உயரம் 174 சென்டிமீட்டர். எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருகிற பி.எம்.ஐ. கணக்கில் 41-க்கு மேல். சுகர், பி.பி. இரண்டும் இருந்தது. ராத்திரி குறட்டைக்கு நடுவே மூச்சு நின்று நின்று வந்தது. குறட்டையைப் பொறுத்துக்கொண்ட மனைவி, அது நிற்கும்போதுதான் எழுந்து உட்கார்ந்துகொள்வாள், அடுத்த மூச்சு வருகிறவரைக்கும்.

ஆனால், என்னை ஆஸ்பத்திரி வாசலுக்கு இழுத்துக்கொண்டு போனது அது இல்லை. அப்பா.

அப்பாவுக்கு நாள்பட்ட சுகர். கிட்னியில் போய் முடிந்தது. கடைசி இரண்டு வருஷம் வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். அந்த நிலையிலும் அவர் சட்டையைத் துவைக்கப் போட்டால் பையில் எறும்பு ஊரும்! அம்மா பையைத் திருப்பிப் பார்ப்பாள் - வெல்லத்தூள், கடலைமிட்டாய்க் காகிதம், ஒரு தடவை பாதி அதிரசம். "யாரோ குடுத்தாங்கடி... சும்மா கையில வெச்சிருந்தேன்" என்பார் அப்பா, சின்னப் பையன் மாதிரி முழித்துக்கொண்டு. 58 வயசில் போய்விட்டார்.

எனக்கு மூன்று மாச சர்க்கரைச் சராசரி - ஹெச்.பி.ஏ.1.சி. என்பார்களே, அது - முதல் தடவையாக 9.2 என்று வந்த அன்றைக்கு, அம்மா ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு ஒரு வார்த்தை பேசவில்லை. கொடியில் தொங்கிய என் சட்டையின் பையில் கையை விட்டுத் தடவிப் பார்த்தாள். மறுநாள் நான் டாக்டரிடம் அப்பாயின்ட்மென்ட் வாங்கிவிட்டேன்.

*

ஆபரேஷன் என்றதும் தொப்பையைக் கத்தியால் வெட்டி எடுத்துவிடுகிற சமாசாரம் என்று நினைக்கிறவர்கள் உண்டு. என் மச்சான் அப்படித்தான் நினைத்தான். "வெட்டின கொழுப்பை என்ன மாமா செய்வாங்க?" என்று கேட்டான். கொழுப்பு எனக்கா, அவனுக்கா என்று அன்றைக்கு யோசித்தேன்.

தொப்பையில் கை வைப்பதே இல்லை. கை வைப்பது உள்ளே, இரைப்பையில். நம் நாட்டில் அதிகம் நடப்பவற்றில் இரண்டு வகை முக்கியம். ஒன்று 'ஸ்லீவ்'. இரைப்பையில் முக்கால் பங்குக்கும் மேல் வெட்டி வெளியே எடுத்துவிட்டு, மிச்சத்தை வாழைப்பழ வடிவத்தில் ஒரு குழாய் மாதிரி விட்டுவிடுவார்கள். இன்னொன்று 'பைபாஸ்'. இரைப்பையின் மேல்பக்கம் கோழிமுட்டை அளவுக்கு ஒரு குட்டிப் பையை மட்டும் தனியே பிரித்து, சிறுகுடலைத் தூக்கி அதில் இணைத்துவிடுவார்கள். சாப்பாடு பழைய இரைப்பையைப் பார்க்காமலே புறவழிச்சாலையில் போய்விடும். அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எட்வர்ட் மேசன் என்கிற சர்ஜன் 1966-ல் செய்ததுதான் இதற்கெல்லாம் பிள்ளையார்சுழி. அல்சருக்காக இரைப்பையில் ஒரு பாகத்தை எடுத்துவிட்ட பெண்கள் எடை குறைந்துபோவதைப் பார்த்து, அவருக்கு அந்த யோசனை வந்ததாம்.

எனக்கு நடந்தது பைபாஸ். சுகர் இருந்ததால் டாக்டர் அதைச் சொன்னார். (செலவைப் பற்றிக் கேட்கிறவர்களுக்கு ஒரு வரி: காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019-ல் வகுத்த வரைமுறையில், 18 வயசு முடிந்து, டாக்டரும் சிபாரிசு செய்து, பி.எம்.ஐ. 40-ஓ அதற்கு மேலோ இருந்தால், அல்லது 35-ஓ அதற்கு மேலோ இருந்து கூடவே கடுமையான துணை வியாதிகளும் இருந்தால், இதைப் பாலிசியில் சேர்க்க வழி உண்டு. உங்கள் பாலிசியில் காத்திருப்புக் காலம் எவ்வளவு என்று பொடி எழுத்தையும் படித்துவிட்டுக் கிளம்புங்கள்.)

இதில் வயிறு சின்னதாவது பாதிக் கதைதான். பசியே ஹார்மோன் விளையாட்டு. இரைப்பையின் மேல்பகுதியில் 'க்ரெலின்' என்று ஒன்று சுரக்கிறது. "சோறு போடு, சோறு போடு" என்று மூளைக்கு போன் அடிக்கிற ஆசாமி. 1999-ல் ஜப்பானிய விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். ஸ்லீவ் ஆபரேஷனில் வெட்டி வீசுகிற பாகம்தான் இதை அதிகமாகச் சுரக்கிற பாகம். பைபாஸிலோ, குடலில் சுரக்கிற ஜி.எல்.பி-1 என்கிற ஹார்மோன் சாப்பிட்டதும் ஏகமாக எகிறும். "போதும்டா சாமி" என்று மூளைக்குச் சொல்கிறவர் இவர். 2025-ல் நம் நாட்டுக்கு வந்து பரபரப்பாகப் பேசப்பட்ட எடைக்குறைப்பு ஊசிகள் எல்லாம் இவருடைய நகல்தான்.

ஆக, முதல் ஆறேழு மாசம் எனக்குப் பசியும் இல்லை, ஆசையும் இல்லை. கேன்டீனில் ஜிலேபி சுற்றுகிற வாசனை வந்தாலும், ஏதோ பெயின்ட் அடிக்கிற வாசனை மாதிரி தாண்டிப் போனேன். நாக்கின் ருசியே மாறியிருந்தது. ஒரு சொட்டு தேன்கூட ஓவர் தித்திப்பாக இருந்தது. பிளாக் காபி குடித்துவிட்டு, "சர்க்கரை எதுக்குப்பா?" என்று ஊருக்கு உபதேசம் வேறு!

டயட்டீஷியன் மேடம் மட்டும் சிரித்தார். "இது ஹனிமூன் பீரியட் சார். ஒரு வருஷம் கழிச்சு வாங்க, பேசுவோம்."

அந்த அம்மாள் வாயில் சர்க்கரையைத்தான் போடவேண்டும். வந்துவிட்டது! பதினாலாவது மாசம், ஒரு செவ்வாய்க்கிழமை, சாயங்காலம் நாலு மணி. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். திடீரென்று, எங்கேயோ விட்டுப்போன பழைய நண்பன் தோளைத் தட்டுகிற மாதிரி... ஒரு பாதுஷா ஞாபகம். பசி இல்லை. வயிறு 'கம்'மென்று கிடக்கிறது. தலைக்குள்தான் பாதுஷா சுற்றுகிறது. மேலே அந்தச் சர்க்கரைப் பூச்சு, ஓரத்து முறுக்கு, நடுவில் கட்டைவிரல் பள்ளம் சகிதமாக!

டாக்டர்கள் ஆபரேஷன் செய்வது வயிற்றுக்கு. தலைக்கு இல்லை.

*

சரி, பைபாஸ்காரன் பாதுஷா சாப்பிட்டால் என்ன ஆகும்? வயிறு வெடிக்காது. ஆனால், 'டம்ப்பிங்' என்று ஒன்று இருக்கிறது. லாரிக்காரர் மணலைக் கொட்டுகிற மாதிரி.

சாதாரண வயிற்றில், அடிப்பக்கம் ஒரு வால்வு வாட்ச்மேன் மாதிரி நின்றுகொண்டு, உணவைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விடும். பைபாஸில் அந்த வாட்ச்மேன் வழியில் இல்லை. சர்க்கரைத் தண்ணீர் போன சமாசாரம் நேரே சிறுகுடலில் போய்க் 'கொட'வென்று கொட்டும். அவ்வளவு சர்க்கரையை நீர்க்க வைக்க, உடம்பு தன் ரத்தத்திலிருந்து தண்ணீரை இறைத்து ஊற்றும். பத்து நிமிஷத்திலிருந்து அரை மணிக்குள் நெஞ்சு படபடக்கும், வேர்க்கும், வயிறு கடமுடா என்று உருளும், பாத்ரூம் எங்கே என்று கண் தேடும். கையில் கிடைத்த இடத்தில் படுத்துக்கொள்ளலாமா என்று இருக்கும். இது முதல் ரவுண்டு.

இரண்டாவது ரவுண்டு ஒன்றிலிருந்து மூன்று மணி நேரம் கழித்து. திமுதிமுவென்று வந்த சர்க்கரையைப் பார்த்து மிரண்டுபோன உடம்பு, தேவைக்கு மேல் இன்சுலினை அள்ளி விட்டிருக்கும். சர்க்கரை தீர்ந்த பின்னும் இன்சுலின் தீராது. விளைவு, ரத்தச் சர்க்கரை கிடுகிடுவென்று இறங்கிவிடும். கை நடுக்கம், தலைசுற்றல், கண் இருட்டல், குழப்பமான பேச்சு. இதில் கொடுமை என்னவென்றால், ஸ்வீட்தான் சாப்பிட வேண்டும் என்பதில்லை. சிலருக்கு வெறும் வெள்ளைச் சோறு போதும்.

எனக்கு அது நடந்தது ஆபீஸில், ஒன்றேகால் வருஷம் ஆன சமயத்தில். மதியம் மூன்று மணி மீட்டிங். மேனேஜர் அந்த மாச டார்கெட்டை வாசித்துக்கொண்டிருக்கிறார். எனக்குக் கை உதறுகிறது, சட்டை நனைகிறது. மேனேஜர் நல்ல மனிதர். "அட, டென்ஷன் ஆகாதீங்க சார், டேட்டை வேணா ஒரு வாரம் தள்ளிக்கலாம்" என்றார். மூன்று பேர் நன்றியோடு என்னைப் பார்த்தார்கள்!

மூன்றாவது முறையும் அதே நேரத்தில் வந்ததும் டாக்டர் ஒரு டெஸ்ட் எழுதினார். வெறும் வயிற்றில் போய், 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கவேண்டும். குடித்துவிட்டு மூன்று மணி நேரம் ஆஸ்பத்திரி நாற்காலியிலேயே உட்காரவேண்டும். அரை மணிக்கு ஒரு தடவை நாடி, பி.பி., ரத்தம். டாக்டர் சீட்டோடு, காசு கொடுத்து நான் குடித்த ஒரே சர்க்கரைத் தண்ணீர்!

இருபத்தைந்தாவது நிமிஷம் நாடித் துடிப்பு 76-லிருந்து 104. நர்ஸ் கொடுத்த துண்டு நனைந்துவிட்டது. ஒரு மணி நேரம் கழித்து எல்லாம் அடங்கியது, "முடிஞ்சுதா சிஸ்டர்?" என்றேன். "இப்பதான சார் இன்டர்வெல்" என்றார். இரண்டாவது மணி நேரம் தாண்டியதும் ரத்தச் சர்க்கரை 48. எதிரே சுவரில் இருந்த காலண்டரில் தேதி எனக்குத் தெரிகிறது, கிழமை தெரியவில்லை. அப்போது பைக்கில் போய்க்கொண்டிருந்தால்..? அதை நினைத்தால் இப்போதும் அடிவயிறு கலங்குகிறது. (தயவுசெய்து யாரும் வீட்டில் இதைச் செய்து பார்க்காதீர்கள். பக்கத்தில் டாக்டர், நர்ஸ், ஊசி எல்லாம் தயாராக வைத்துக்கொண்டு செய்கிற டெஸ்ட்.)

மருந்து மாத்திரை எழுதுவார்கள் என்று பார்த்தால், மேடம் என் சாப்பாட்டுத் தட்டைத்தான் திருப்பிப் போட்டார். முதலில் புரதம். முட்டை, மீன், கோழி, பனீர், சுண்டல் ஏதாவது ஒன்று. அதை முடித்துவிட்டுக் காய்கறி. கடைசியில் இடமிருந்தால் சோறு, அதுவும் நாலு ஸ்பூன். சாப்பிடும்போது தண்ணீர் கிடையாது. அரை மணி நேரம் இடைவெளி விட்டுத்தான். ஒரு நாளைக்கு 60-லிருந்து 80 கிராம் புரதம் உள்ளே போயாக வேண்டும். இத்தனை சின்ன வயிற்றில் அதை நிரப்பினாலே ஸ்வீட்டுக்கு ஸ்டாண்டிங்கில்தான் இடம்! இரண்டு வாரத்தில் மூன்று மணி உதறல் நின்றுபோனது. அடுத்த மாச டார்கெட் மட்டும் தள்ளிப்போகவில்லை.

சில பேருக்குச் சாப்பாட்டை மாற்றியும் நிற்காது. மருந்து வேண்டியிருக்கும். ஆகவே, உதறல் வந்தால் "ஏதோ பித்தம்" என்று இஞ்சிச் சாறு குடித்துவிட்டுப் படுக்காமல் டாக்டரிடம் போய்விடுவது உத்தமம்.

*

என் ஆபரேஷன் தோழர் ஒருவர் திருச்சியில் இருக்கிறார். அதே ஆஸ்பத்திரி, அதே வாரம், பக்கத்து பெட். பேங்க் உத்தியோகம். அவருக்கு ஸ்லீவ். என்னைவிட ஏழு வயசு பெரியவர். "அண்ணே" என்றுதான் கூப்பிடுவேன்.

ஸ்லீவ்காரர்களுக்கும் டம்ப்பிங் வரலாம். பைபாஸ் அளவுக்குப் பரவலாக இல்லை. அண்ணனுக்கு வரவேயில்லை. "தம்பி, உனக்கு உள்ளாற போலீஸ் இருக்கு. எனக்கு இல்லடா" என்று முதல் வருஷம் சந்தோஷமாகச் சொன்னார். இரண்டாவது வருஷம் அதையே வருத்தமாகச் சொன்னார்.

விஷயம் இதுதான். சின்ன வயிற்றில் கோழித்துண்டு ஒன்று போட்டால், அது நகர நேரமாகும். நிறைந்த மாதிரி இருக்கும். அல்வா? அது போகிற வழியே தெரியாது! ஐஸ்க்ரீம், ரசமலாய், பால்கோவா, மில்க்‌ஷேக்... எல்லாமே வழுக்கிக்கொண்டு போகிற ஜாதி. பத்து நிமிஷத்தில் வயிறு மறுபடி காலி. இரண்டு இட்லிக்கு மேல் இறங்காத மனிதருக்குக் கால் கிலோ அல்வா இறங்கும். அரை மணிக்கு ஒரு தடவை ஒரு ஸ்பூன் என்று கொறித்துக்கொண்டே இருந்தால், முட்டை அளவு வயிறும் மூட்டையைத் தாங்கும். அண்ணன் 118-லிருந்து 79-க்கு வந்தவர், மறுபடி 93-க்குப் போனார்.

அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பெண்ணின் ப்ளஸ் டூ, பேங்கில் டிரான்ஸ்ஃபர், தனியாக லாட்ஜ் வாசம். ராத்திரி ஒன்பது மணிக்கு ரூமுக்கு வந்தால் பேச ஆள் கிடையாது. பக்கத்துக் கடையில் அல்வா கிடைக்கும். "அல்வா ஒண்ணும் கேக்காதுடா தம்பி. ஏன் லேட்டுன்னுகூடக் கேக்காது" என்றார் போனில். அதற்கு எந்த டயட் சார்ட்டில் பதில் இருக்கிறது?

அவர் கடைசியில் போனது சைக்காலஜிஸ்டிடம். பெரிய ஆஸ்பத்திரிகளில் இந்த ஆபரேஷன் டீமிலேயே ஒருவர் இருப்பார். "பைத்தியக்கார டாக்டர்கிட்ட நான் ஏன் போகணும்?" என்று ஆறு மாசம் தள்ளிப்போட்டவர், போய்வந்த பிறகு ஒரு நோட்டு போட்டிருக்கிறார். ஆசை வந்த நேரம், இடம், அப்போது கூட யார், மனசு எப்படி. பேங்க்காரர் இல்லையா? டெபிட், கிரெடிட் எல்லாம் கச்சிதம். ஒரு மாச நோட்டைப் புரட்டினால், பாதிக்கு மேல் ராத்திரி 9-லிருந்து 10. இப்போது அந்த ஒரு மணி நேரம் வீட்டுக்கு வீடியோ கால். அல்வாக்கடை இருக்கிற பக்கம் நடக்காமல் எதிர்ப்பக்கம் வாக்கிங். மறுபடி 87-க்கு இறங்கியிருக்கிறார்.

என் நேரம் சாயங்காலம் நாலு என்று முன்னேயே சொன்னேன். இதற்கு நான் கண்ட வைத்தியம் ரொம்ப சாதாரணம். மூன்றரைக்கே ஒரு கைப்பிடி கொண்டைக்கடலைச் சுண்டலோ, அவித்த முட்டையோ உள்ளே தள்ளிவிடுவேன். அதற்குப் பிறகும் பாதுஷா வந்தால், இருபது நிமிஷம் டயம் கொடுப்பேன். மூன்றாவது மாடியிலிருந்து இறங்கி, கீழே வாட்ச்மேன் அண்ணாச்சியிடம் அரசியல் பேசிவிட்டு, படியேறி வந்தால் பாதி நாள் பாதுஷா போயிருக்கும். மீதி நாள்? போகாது. அண்ணாச்சியும் பாதுஷா சாப்பிட்டுக்கொண்டிருப்பார்!

போகாத நாளில் சாப்பிடுவேன். திருட்டுத்தனமாக இல்லை, நாலு பேர் எதிரில், உட்கார்ந்து, சாப்பாட்டுக்குப் பின்னால். ஒரு துண்டில் கால்வாசி. வாயிலேயே வைத்துக் கரைய விட்டு. அப்பாவைப் பார்த்து வளர்ந்தவன் நான். கூடவே கூடாது என்று ஒரு வீடு முழுக்கச் சொன்னால் ஸ்வீட் எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். சட்டைப் பைக்குத்தான் போகும்.

*

"அதான் சுகர்-ஃப்ரீ இருக்கே சார்!" என்று ஒரு கோஷ்டி கிளம்பும். அந்தப் பெட்டியைத் திருப்பிப் படித்துப் பாருங்கள். சர்க்கரையைத்தான் எடுத்திருப்பார்கள். நெய், முந்திரி, கோவா எல்லாம் அப்படியே உட்கார்ந்திருக்கும். சர்க்கரை ஒரு கிராமுக்கு 4 கலோரி, நெய்யோ 9. கூடவே மால்டிட்டால், சார்பிட்டால் என்று 'ட்டால்' போட்டு முடிகிற பெயர்கள் இருந்தால் உஷார். கொஞ்சம் கூடினால் வயிறு உப்பி, பேதியாகும். ஆபரேஷன் செய்த வயிறு அதற்கெல்லாம் சும்மா இருக்காது. ஒரு ஃபங்ஷனில் சுகர்-ஃப்ரீ லட்டு இரண்டு சாப்பிட்ட ஒரு நண்பர், தாம்பூலம்கூட வாங்காமல் ஓடினார்.

அடுத்த கோஷ்டி, "வெல்லம் நல்லது, கருப்பட்டி நல்லது, தேன் அமிர்தம்." இருக்கலாம். ஆனால், வெல்லம் என்பது முக்காலே மூணு வீசம் சர்க்கரைதான். குடலுக்குக் காந்தி பக்தி கிடையாது. கதர் உடுத்தி வந்தாலும் சர்க்கரையைச் சர்க்கரையாகத்தான் நடத்தும்.

கோவில்பட்டி கடலைமிட்டாய் விஷயத்தில் மட்டும் எனக்குக் கொஞ்சம் ஓரவஞ்சனை உண்டு. 2020-ல் புவிசார் குறியீடு வாங்கிய பெருமைக்காக இல்லை. பாகு இருந்தாலும் கடலையும் இருக்கிறது, புரதம் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாகக் கடிக்கவேண்டும்! மெதுவாகத்தான் உள்ளே போகும். ஒரு சின்ன வில்லை, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின், மாசத்தில் இரண்டு மூன்று நாள். எனக்கு ஒத்துக்கொள்கிறது. உங்களுக்கும் ஒத்துக்கொள்ளும் என்று நான் சொல்ல மாட்டேன். உங்கள் டயட்டீஷியன் சொல்லட்டும்.

எல்லாவற்றையும்விட ஆபத்து தட்டில் இல்லை, டம்ளரில்தான். கூல்ட்ரிங்க், ரோஸ்மில்க், பழ ஜூஸ், பாதாம்பால். குடிக்கிற சர்க்கரைக்கு மெல்லுகிற வேலைகூடக் கிடையாது. 300 மில்லி கோலாவில் முப்பது கிராமுக்கு மேல் சர்க்கரை. அதைத் தனியாக எடுத்துத் தட்டில் வைத்தால் ஆறு ஏழு டீஸ்பூன். தின்பீர்களா?

டம்ளர் என்றதும் வாலிபத் தம்பிகள் சிலர் காதைத் தீட்டிக்கொள்வது தெரிகிறது. அந்த டம்ளரும்தான்! பைபாஸ் ஆனவர்களுக்குச் சரக்கு சட்டென்று ரத்தத்தில் ஏறும், உச்சமும் அதிகம். இரண்டு பெக் அடித்த இடத்தில் ஒன்றே ஊரைக் கூட்டிவிடும். ஸ்வீட்டை விட்ட கையோடு அதைப் பிடித்துக்கொண்டவர்களும் உண்டு. வாயை ஏமாற்றினால் ஆசை வேறு வாசல் வழியாக வருகிறது. எனக்கு டாக்டர் முதல் நாளே சொன்ன கண்டிஷன் இது. அதோடு, ஆயுசுக்கும் விட்டமின், இரும்பு, கால்சியம் மாத்திரைகள். வருஷா வருஷம் ரத்தப் பரிசோதனை. ஆபரேஷன் ஒரு நாள். அதற்குப் பிறகான குடித்தனம் ஆயுசு பூரா.

*

ஹார்மோனைவிட, கேன்டீன் ஜிலேபியைவிட எனக்குக் கஷ்டமாக இருந்தது அம்மா.

என் பிறந்த நாளுக்குப் பாசிப்பருப்புப் பாயசம் வைப்பது அம்மாவின் முப்பத்துச் சொச்சம் வருஷ வழக்கம். தேங்காய்ப்பால் இரண்டாம் பால், முதல் பால் என்று பிரித்து ஊற்றி, நெய்யில் தேங்காய்ப் பல் வறுத்துப் போட்டு... ஆபரேஷன் முடிந்த முதல் பிறந்த நாளில் அடுப்படியில் பாத்திரச் சத்தமே இல்லை. எட்டிப் பார்த்தால், முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்லடா. வைக்கக் கூடாதுன்னு தெரியும். கைதான் பருப்பு டப்பாவைத் தேடுது."

இதற்கு நான் என்ன சொல்ல? நாற்பது வருஷமாக ஒரு வீட்டில் பாசத்துக்குப் பெயர் பாயசம். அதை நிறுத்து என்று சொல்லத் தெரிகிறது. அதற்குப் பதிலாக என்ன வைப்பது என்று சொல்லத் தெரியவில்லை. அப்பாவுக்கு மறைத்து மறைத்து வைத்த கை அது. எனக்கு வைக்கவும் பயம், வைக்காமல் இருக்கவும் முடியவில்லை.

செக்கப் போனபோது அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். மேடம் அவளிடம் அரை மணி நேரம் பேசினார். எனக்குச் சொன்னதையெல்லாம் அவளிடம் மறுபடி சொன்னார். சாப்பாட்டுக்குப் பிறகுதான், வெறும் வயிற்றில் கிடையாது, இரண்டு ஸ்பூனுக்கு மேல் கிடையாது, வெல்லம் பாதிக்குப் பாதி குறைக்கணும், பருப்பைக் கூட்டணும். அம்மா வழிநெடுக ஒன்றும் பேசவில்லை. இரண்டாவது பிறந்த நாளன்றைக்குச் சாப்பாடு முடிந்ததும் உள்ளே போனாள். டிரங்குப் பெட்டி திறக்கிற சத்தம் கேட்டது. வெளியே வந்தவள் கையில் ஒரு வெள்ளிப் பாலாடை. கைக்குழந்தையாக இருந்தபோது எனக்குப் பால் புகட்டியது. புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று இருந்தது. அதில் முக்கால்வாசி பாயசம்!

"அளந்து பாத்துட்டேன். சரியா ரெண்டு ஸ்பூன்தான் புடிக்குது" என்றாள்.

என் மனைவி சிரிப்பை அடக்கமுடியாமல் பக்கத்து ரூமுக்கு ஓடினாள். 84 கிலோ எடையும் மீசையுமாக உட்கார்ந்துகொண்டு, பாலாடையில் பாயசம் குடித்தேன். ஐந்து நிமிஷம் ஆனது. படபடப்பு இல்லை, வேர்க்கவில்லை. ஹெச்.பி.ஏ.1.சி. இப்போது 5.8. சுகர் மாத்திரையை டாக்டர் நிறுத்தி ஒன்றரை வருஷத்துக்கு மேல் ஆகிறது. "ஒளிஞ்சு நிக்குது, ஓடிப்போகலை. மறந்துடாதீங்க" என்று ஒவ்வொரு தடவையும் சொல்லி அனுப்புகிறார்.

போன தீபாவளிக்கு நாலு நாள் முன்னால் திருச்சி அண்ணன் போன் செய்தார். வருஷா வருஷம் பண்டிகைக்கு முன் நாங்கள் இருவரும் கோட்டா பேசி முடிவு பண்ணிக்கொள்வது வழக்கம்.

"தம்பி, ஸ்வீட் என்ன முடிவு?"

"மைசூர்பாகுண்ணே. பாதித் துண்டு. மத்தியானம் சாப்பிட்ட பிறகு."

"நெய் ஒழுகுமே, வாயில வெச்சா காணாமப் போயிடுமே, அதுவா? பழைய காலத்துக் கட்டியா?"

"கட்டிதான்."

"அடப்பாவி, ஏன்டா?"

"கடிக்கணுமில்லண்ணே... அதுக்கே கால் மணி நேரம் ஆயிடும்!"

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம், "எங்க வீட்டு அம்மா போன வருஷம் செஞ்சது பாக்கி இருக்கு. அனுப்பி வைக்கட்டுமா? உனக்கு ஒரு வாரம் தாங்கும்" என்றார்.